புதுக் கல்லீரலுக்குப் பழைய ரிப்போர்ட் ஒத்துவராது

“ஆப்பரேஷனுக்கு முன்னாடி எனக்குக் கொழுப்பு 108தான் தம்பி. இப்ப 226ன்னு வந்திருக்கு. வச்ச கல்லீரல்ல ஏதும் கோளாறா?”

அதிராம்பட்டினத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையோரக் கடை ஒன்றில் டீக்குக் காத்திருந்தபோது, நான் காக்கா (அண்ணன்) என்று கூப்பிடும் ஒருவர் இதைக் கேட்டார். சென்னையில் கல்லீரல் மாற்று அறுவை செய்துகொண்டு ஓராண்டைத் தாண்டியவர். மகன் தன் கல்லீரலில் ஒரு பகுதியைக் கொடுத்தார். ரிப்போர்ட்டுகளை அடுக்கிய கோப்பு எப்போதும் காக்காவின் கையில் இருக்கும். நான் பட்டுக்கோட்டை வட்டாரத்தில் ரத்தப் பரிசோதனைக் கூடத்திலேயே காலம் கழித்தவன். மருந்து எழுதுவது என் தொழில் இல்லை. ஆனால் ஓர் எண் ரத்தக் குழாயிலிருந்து தாளுக்கு வந்து சேர்வதற்குள் என்னென்ன நடக்கிறது என்று தெரியும். காக்காவின் சந்தேகம் இன்னும் பல வீடுகளில் இருக்கும். அன்று அவரிடம் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் அவருக்கான பதில். கல்லீரல் நன்றாக வேலை செய்வதால்தான் அந்த 226.

நம் ரத்தத்தில் ஓடும் கொலஸ்ட்ராலில் சாப்பாட்டிலிருந்து வருவது கொஞ்சம்தான். பெரும்பகுதியை உடம்பே செய்துகொள்கிறது, அதில் கல்லீரலின் பங்கு பெரிது. சிரோசிஸ் முற்றிச் சுருங்கிப்போன கல்லீரலுக்கு அதைச் செய்யத் தெம்பு இருக்காது. அப்போது வந்த 108 ஆரோக்கியத்தின் அடையாளம் இல்லை, உறுப்பு கைவிட்டதன் அடையாளம். இப்போது வேலை செய்யும் கல்லீரல் வந்துவிட்டது. கூடவே மாத்திரைகளும் வந்திருக்கின்றன, பசியும் திரும்பியிருக்கிறது. காக்காவின் உண்மையான கொழுப்புக் கணக்கு இப்போதுதான் வெளியே தெரிகிறது. அதைக் கவனிக்கத்தான் வேண்டும். வைத்த கல்லீரல்மீது பழி போட வேண்டியதில்லை.

நோயில் கிடந்த கல்லீரல் கொழுப்பை மட்டும் மறைக்கவில்லை. மூன்று மாதச் சுகர் என்று நாம் சொல்லும் எச்பிஏ1சியை எடுத்துக்கொள்ளுங்கள். சிவப்பணு ஒன்று சுமார் 120 நாள் உயிரோடு இருக்கும். அந்த நாட்களில் அதற்குள் இருக்கும் ஹீமோகுளோபினில் எவ்வளவு சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்பதுதான் அந்த எண். சிரோசிஸ் வந்தவருக்கு மண்ணீரல் வீங்கியிருக்கும். வீங்கிய மண்ணீரல் சிவப்பணுக்களைக் காலத்துக்கு முன்பே அழித்துவிடும். ரத்த வாந்தி எடுத்தவர், ரத்தம் ஏற்றிக்கொண்டவர் என்றால் அந்த அணுக்களின் வயதே வேறு. சர்க்கரை ஒட்டுவதற்கு அவற்றுக்கு நாள் போதாது. ஆகவே சுகர் உள்ளவருக்கும் 5.3, 5.4 என்று நல்ல எண்ணாக வரும். வெறும் வயிற்றில் பார்த்தாலும் பலருக்குச் சரியாகவே இருக்கும், சாப்பிட்ட பிறகுதான் ஏறும்.

பிரஷரும் அப்படித்தான். முற்றிய கல்லீரல் நோயில் ரத்தக் குழாய்கள் விரிந்து தளர்ந்துவிடுவதால் 100க்கு 60 என்று இறங்கிக் கிடக்கும். பத்து வருடமாகப் பிரஷர் மாத்திரை சாப்பிட்டவருக்குக்கூட அந்தக் கட்டத்தில் மாத்திரையை நிறுத்தியிருப்பார்கள். வீட்டில் எல்லோரும் பிரஷர் குணமாகிவிட்டது என்று நினைத்திருப்பார்கள். அடுத்தது சிறுநீரகத்துக்காகப் பார்க்கும் கிரியாட்டினின். அது தசையிலிருந்து வருவது. கை கால் குச்சியாகிப்போனவருக்கு 0.7 என்று வந்தால் சிறுநீரகம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது, தசை கரைந்துபோனதாலும் அந்த எண் இறங்கும். எடையைச் சொல்லவே வேண்டாம். வயிற்றில் தேங்கிய நீர் எடையைத் தூக்கிக் காட்டும், அதற்கடியில் ஆள் இளைத்துக் கிடப்பார்.

அதனால் காக்காவிடம் ஒரு வேலை சொன்னேன். கோப்பை இரண்டாகப் பிரியுங்கள். நோயில் கிடந்த இரண்டு மூன்று வருடத்து ரிப்போர்ட்டுகளைத் தனியே கட்டி வையுங்கள், இன்றைய எண்ணை அவற்றோடு ஒப்பிடாதீர்கள். அறுவை முடிந்து உடம்பு தேறி, மாத்திரை அளவு நிலைப்பட்ட பிறகு எடுத்த முதல் ரிப்போர்ட்டுதான் புதுக் கணக்கின் தொடக்கம். கல்லீரல் நோய் வருவதற்கு முந்தைய காலத்து ரிப்போர்ட் ஏதாவது பரணில் கிடந்தால் அதைத் தேடி எடுங்கள். அன்று சுகரோ பிரஷரோ கொழுப்போ இருந்ததா என்று அது சொல்லும். அது மருத்துவருக்கு மிகவும் உதவும்.

“அதெல்லாம் சரி. எஸ்ஜிபிடி 28, பிலிருபின் 0.8. கல்லீரல் நல்லாருக்குன்னு டாக்டரே சொல்லிட்டாரு. அப்புறம் என்ன பயம்?”

பயமுறுத்த நான் சொல்லவில்லை. ஆனால் இந்தக் கேள்விதான் எனக்குக் கவலை தருகிறது. மாற்று அறுவை செய்துகொண்டவர்களும் வீட்டாரும் எஸ்ஜிபிடி, எஸ்ஜிஓடி, பிலிருபின் ஆகிய மூன்று எண்களை மனப்பாடமாக வைத்திருப்பார்கள். முதல் சில மாதங்களுக்கு அது நியாயம்தான். புது உறுப்பை உடம்பு எதிர்க்கிறதா, பித்தநாளம் அடைக்கிறதா என்று அந்த எண்கள்தான் சொல்லும். ஓராண்டு தாண்டிய பிறகு ஆபத்து வேறு பக்கத்திலிருந்து வருகிறது. நெடுநாள் வாழ்ந்தவர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வுகள், உறுப்பு நிராகரிப்பால் இறப்பவர்கள் குறைவு என்கின்றன. மாரடைப்பு, பக்கவாதம், புற்றுநோய், தொற்று, சிறுநீரகம் கெட்டுப்போவது ஆகியவைதான் பின்னாட்களில் அதிகம் பேரைக் கொண்டுபோகின்றன.

நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்குவது எளிது. ஜூன் 12ஆம் தேதி மேட்டூரைத் திறந்துவிட்டார்கள் என்று செய்தி வரும். பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துக் கடைமடை விவசாயி அந்தச் செய்தியைக் கேட்டு நாற்றங்காலுக்கு இறங்கிவிட மாட்டார். கல்லணைக் கால்வாய் வழியாகத் தன் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்ததா என்று போய்ப் பார்ப்பார். எஸ்ஜிபிடி சரியாக இருப்பது மேட்டூர் திறந்த செய்தி. இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் போகும் குழாய்களில் என்ன நடக்கிறது என்பதைச் சுகர், கொழுப்பு, பிரஷர், கிரியாட்டினின், சிறுநீரில் போகும் ஆல்புமின் ஆகியவற்றைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும்.

இந்தக் கவலையே பெரிய வெற்றியிலிருந்து பிறந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1963இல் அமெரிக்காவின் டென்வர் நகரில் தாமஸ் ஸ்டார்சல் உலகின் முதல் கல்லீரல் மாற்று அறுவையைச் செய்தபோது அந்தக் குழந்தை பிழைக்கவில்லை. ஓராண்டைத் தாண்டி ஒருவர் வாழ்வதற்கு 1967 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இந்தியாவில் 1998 நவம்பரில் டெல்லி அப்பல்லோவில் வெற்றிகரமாக நடந்த முதல் குழந்தைக் கல்லீரல் மாற்று நம் காஞ்சிபுரத்துக் குழந்தைக்குத்தான். பிறவியிலேயே பித்தநாளம் அடைத்திருந்த அந்தக் குழந்தைக்கு இரண்டு வயதுகூட நிறையவில்லை. கல்லீரல் கொடுத்தவர் தந்தை. அந்தக் குழந்தை வளர்ந்து தானே மருத்துவராகிவிட்டார். மயிலாடுதுறைப் பக்கம் கிளியனூரில் பிறந்த முகமது ரேலா 1997இல் லண்டனில் பிறந்து ஐந்தே நாளான குழந்தைக்குக் கல்லீரல் மாற்றினார். 2008 செப்டம்பரில் விபத்தில் மூளைச்சாவு அடைந்த ஹிதேந்திரனின் உறுப்புகளை மருத்துவர்களான அவருடைய பெற்றோர் தானம் செய்தார்கள். அதற்குப் பிறகு தமிழ்நாட்டில் உறுப்பு தானம் மக்கள் பேசும் விஷயமானது. இன்று சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலும் கல்லீரல் மாற்று நடக்கிறது, முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்திலும் அதற்கு இடம் உண்டு. பிழைப்பாரா என்று கேட்ட காலம் போய், இருபது முப்பது ஆண்டு எப்படி நன்றாக வாழ்வது என்று கேட்கிற காலம் வந்திருக்கிறது. சுகரும் கொழுப்பும் அந்தக் கேள்விக்குள்தான் வருகின்றன.

மாத்திரைகளுக்கு வருவோம். காக்கா காலையும் இரவும் போடும் டேக்ரோலிமஸ், 1984இல் ஜப்பானின் சுகுபா பகுதி மண்ணில் இருந்த ஒரு நுண்ணுயிரியிலிருந்து கண்டுபிடிக்கப்பட்டது. அமெரிக்காவில் 1994இல் அனுமதி கிடைத்தது. மகனின் கல்லீரலை அயலாள் என்று நினைத்துத் தாக்க வரும் வெள்ளணுக்களை அடக்கிவைப்பது அதன் வேலை. அது இல்லாமல் காக்கா இல்லை. ஆனால் அதே மருந்து கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களையும் அழுத்துகிறது. முதல் மாதங்களில் கூடவே தரும் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு, சுரக்கிற இன்சுலினையும் உடம்பு மதிக்காமல் செய்துவிடுகிறது. ஒன்று சுரப்பைக் குறைக்கிறது, மற்றொன்று சுரந்ததின் வேலையைக் கெடுக்கிறது. இந்தியாவில் வயது வந்தவர்களில் 11.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு இருப்பதாக ஐசிஎம்ஆரின் பெரிய ஆய்வு 2023இல் சொன்னது. அப்படிப்பட்ட நாட்டில் இந்த இரண்டு மருந்தும் சேர்ந்தால் சுகர் வருவதில் வியப்பில்லை. அதுவரை சுகரே இல்லாதவருக்கு மாற்று அறுவைக்குப் பின் புதிதாக வருவதும் உண்டு. பத்தில் ஒருவருக்கு என்கிறது ஓர் ஆய்வு, மூன்றில் ஒருவருக்கு என்கிறது இன்னொன்று. மருந்து அளவு, வயது, குடும்ப வழி ஆகியவற்றுக்கு ஏற்பக் கணக்கு மாறும்.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. பலரை ஏமாற்றுவது இதுதான். ஸ்டீராய்டைக் காலையில் போடுகிறோம். அதன் வேகம் மதியத்துக்கு மேல்தான் சர்க்கரையில் தெரியும். மாலை வரை ஏறி, இரவில் இறங்கி, விடியும்போது பழைய நிலைக்கு வந்துவிடும். வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தால் 94 என்று வரும். அதே ஆளுக்கு மதியச் சாப்பாட்டுக்குப் பின், மாலை நாலு மணிக்கு 240 இருக்கலாம். ஆகவே ஸ்டீராய்டு போடும் காலத்தில் காலைச் சுகரை மட்டும் நம்பக் கூடாது. வீட்டில் விரல் நுனியில் குத்திப் பார்க்கும் கருவி இருந்தால் மதியச் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் கழித்தும், இரவுச் சாப்பாட்டுக்கு முன்பும் பார்த்துக் குறித்துக்கொண்டு போங்கள். மருத்துவருக்கு அந்தத் தாள் பத்து ரிப்போர்ட்டுக்குச் சமம்.

எச்பிஏ1சி புதுக் கல்லீரல் வந்த உடனேயும் பொய் சொல்லும். அறுவையின்போது ரத்தம் ஏற்றியிருப்பார்கள், ரத்தசோகை இருக்கும், மருந்துகள் எலும்பு மஜ்ஜையை மந்தமாக்கும். அதனால்தான் முதல் ஆண்டில் அதை மட்டும் வைத்துச் சுகர் இல்லை என்று தீர்ப்புச் சொல்லக் கூடாது என்று உலக அளவில் கூடிப் பேசிய மருத்துவர்கள் எழுதிவைத்தார்கள். 6.5க்கு மேல் வந்தால் நம்பலாம். 5.6 என்று வந்தால் நிம்மதியாகிவிடாதீர்கள். சந்தேகம் இருந்தால் 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும் சோதனை இருக்கிறது. உட்கார்ந்திருக்க வேண்டும், வாய் இனிக்கும், கொஞ்சம் குமட்டும். செய்துகொள்வது நல்லது. அறுவை முடிந்த முதல் வாரங்களில் பெரும்பாலானவர்களுக்குச் சர்க்கரை ஏறும் என்பதால், ஒன்றரை மாதமாவது கழிந்த பிறகுதான் இது நீரிழிவு என்று பெயர் வைப்பார்கள்.

கொழுப்புக்கு வருகிறேன், ஏனென்றால் காக்கா கேட்டது அதைத்தான். 226 என்ற மொத்த எண்ணை மட்டும் பார்த்துப் பயனில்லை. அதற்குள் நல்ல கொழுப்பு எவ்வளவு, கெட்டது எவ்வளவு, டிரைகிளிசரைடு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க வேண்டும். எளிய கணக்கு ஒன்று உண்டு. மொத்தக் கொழுப்பிலிருந்து எச்டிஎல் என்ற நல்ல கொழுப்பைக் கழியுங்கள். மிஞ்சுவது முழுவதும் குழாயில் படியக்கூடியது. காக்காவுக்கு எச்டிஎல் 38. மிச்சம் 188. இந்த எண்ணுக்கு வெறும் வயிறு வேண்டியதில்லை, சாப்பிட்டுவிட்டு வந்தாலும் பெரிதாக மாறாது. எங்கள் கூடங்களில் பலவற்றில் எல்டிஎல் என்ற கெட்ட கொழுப்பை நேராக அளப்பதில்லை. மொத்தத்திலிருந்து எச்டிஎல்லையும் டிரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்துப் போடுவார்கள். டிரைகிளிசரைடு 400ஐத் தாண்டினால் அந்தக் கணக்கு செல்லாது. அப்படிப்பட்ட ரத்தத்தைச் சுழற்றி எடுத்தால் மேலே நிற்கும் சீரம் வெளுத்துக் கலங்கித் தெரியும். குழாயைப் பார்த்த உடனே எங்களுக்குத் தெரிந்துவிடும். அன்று எல்டிஎல் எண் நன்றாக வந்திருந்தாலும் அதைக் கொண்டாட வேண்டாம்.

உடம்பு புது உறுப்பை எதிர்க்காமலிருக்க எந்த மருந்து சாப்பிடுகிறார் என்பதும் கொழுப்பில் தெரியும். சைக்ளோஸ்போரின் கெட்ட கொழுப்பை ஏற்றும், டேக்ரோலிமஸ் அந்த அளவுக்கு ஏற்றாது. சிறுநீரகத்தைக் காப்பாற்ற டேக்ரோலிமஸைக் குறைத்துவிட்டு எவரோலிமஸ் அல்லது சிரோலிமஸ் கொடுத்தால் டிரைகிளிசரைடும் கொலஸ்ட்ராலும் சட்டென்று எகிறும். மருந்து மாறிய சில வாரங்களில் எண் மாறியிருந்தால் சாப்பாட்டின்மேல் பழி போட்டு வீட்டில் சண்டை போடாதீர்கள், மருந்து மாறிய தேதியைப் பாருங்கள். கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாடின் மாத்திரைகளைப் புதுக் கல்லீரல் தாங்குமா என்று பலர் அஞ்சுகிறார்கள். தாங்கும், கொடுக்கிறார்கள். ஆனால் எது, எத்தனை மில்லிகிராம் என்பதை மாற்று அறுவை செய்த மருத்துவர்கள்தான் சொல்ல வேண்டும். சைக்ளோஸ்போரின் சாப்பிடுபவருக்குச் சிம்வாஸ்டாடின் கூடவே கூடாது. தசை சிதைந்து சிறுநீரகம்வரை போய்விடும். பக்கத்து வீட்டுக்காரரின் கொழுப்பு மாத்திரையை வாங்கிப் போடும் பழக்கம் இங்கே உயிருக்கு ஆபத்து.

இடுப்பு அளவையும் ரிப்போர்ட்டில் சேர்த்தே எண்ணுங்கள். ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80, இதுதான் நம் உடல்வாகுக்கான எல்லை. அதைத் தாண்டிய இடுப்பு, 150ஐ எட்டிய டிரைகிளிசரைடு, ஆணுக்கு 40க்கும் பெண்ணுக்கு 50க்கும் கீழே எச்டிஎல், 130க்கு 85 என்ற பிரஷர், வெறும் வயிற்றில் 100ஐ எட்டிய சுகர் ஆகிய ஐந்தில் மூன்று சேர்ந்தால் மெட்டபாலிக் சிண்ட்ரோம் என்கிறார்கள். கல்லீரல் மாற்றிக்கொண்டவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் இந்த வளையத்துக்குள் வருவதாகப் பல நாட்டு ஆய்வுகள் காட்டுகின்றன. இதில் எனக்கு அதிகம் உறைப்பது ஒன்று. முதல் கல்லீரலை அழித்தது கொழுப்பு என்றால், அது இரண்டாவதிலும் படியலாம். மகன் கொடுத்த கல்லீரலில் கொழுப்பு சேர்ந்துகொண்டிருக்கும்போதே எஸ்ஜிபிடி 28 என்று வரலாம். ரத்தம் அதைக் காட்டிக்கொடுக்காது. ஸ்கேனும் ஃபைப்ரோஸ்கேனும்தான் காட்டும்.

சிறுநீரகத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 2003இல் அமெரிக்காவில் வெளிவந்த பெரிய ஆய்வு ஒன்று, கல்லீரல் மாற்றிக்கொண்டவர்களில் 18 சதவீதம் பேருக்கு ஐந்தாண்டுக்குள் சிறுநீரகம் கடுமையாகப் பழுதாவதைக் கண்டது. டேக்ரோலிமஸ், சைக்ளோஸ்போரின் இரண்டும் சிறுநீரகத்தின் நுண்குழாய்களைச் சுருக்குகின்றன. அதோடு சுகரும் பிரஷரும் சேர்ந்தால் பாதிப்பு வேகமாகும். கிரியாட்டினினோடு, சிறுநீரில் ஆல்புமின் போகிறதா என்று பார்க்கும் எளிய சோதனையும் வேண்டும். கிரியாட்டினின் ஏறும் முன்பே அது எச்சரித்துவிடும். செலவும் குறைவு, ஆனாலும் எழுதிக்கொடுப்பது குறைவாகவே இருக்கிறது என்பது என் அனுபவம். மக்னீசியத்தையும் கேட்டுப் பாருங்கள். டேக்ரோலிமஸ் அதைச் சிறுநீரில் வெளியேற்றிவிடும். மக்னீசியம் குறைந்தவர்களுக்குச் சுகர் அதிகம் வருவதாகவும் ஆய்வுகள் உண்டு. பொட்டாசியம் இதற்கு நேர்மாறாக ஏறும்.

“அப்ப எளநி?” என்றார் காக்கா. தென்னந்தோப்புக்காரர், கேட்கத்தான் செய்வார். இளநீரில் பொட்டாசியம் அதிகம். கஜா புயல் சாய்த்த தோப்பை மறுபடி நட்டு வளர்த்தவரிடம் இளநீர் குடிக்காதீர்கள் என்று சொல்ல எனக்கும் மனம் வரவில்லை. பொட்டாசியம் எண்ணைப் பார்த்துவிட்டு மருத்துவரிடம் கேட்டுக் குடியுங்கள், தினமும் குடிக்க வேண்டாம் என்றேன். தேங்காய்ப்பாலில் குறுகக் காய்ச்சும் ஆணமும் கருவாடும் அப்படித்தான். ஒன்று கெட்ட கொழுப்பை ஏற்றும், மற்றொன்று உப்பால் பிரஷரை ஏற்றும். நம் கடலில் கிடைக்கும் கொடுவாயை நன்றாக வேகவைத்துக் குழம்பாகச் சாப்பிடத் தடை இல்லை. பம்பளிமாஸ் பழத்தை மட்டும் முழுக்க விட்டுவிடுங்கள். அது டேக்ரோலிமஸைக் குடலில் சிதையவிடாமல் ரத்தத்தில் அளவை ஏற்றிவிடும். கல்லீரலுக்கு நல்லது என்று யாராவது கீழாநெல்லி, சீந்தில், மஞ்சள் மாத்திரை கொண்டுவந்து கொடுப்பார்கள், அன்பால்தான் கொடுப்பார்கள். கொரோனா காலத்தில் சீந்தில் குடித்துக் கல்லீரல் கெட்டவர்களைப் பற்றி மும்பை மருத்துவர்கள் 2021இல் எழுதினார்கள். மருத்துவரைக் கேட்காமல் எதுவும் வேண்டாம்.

ரத்தத்தில் டேக்ரோலிமஸ் எவ்வளவு என்று பார்க்கும் டேக்ரோ லெவல் சோதனையில் எங்கள் கூடத்தில் அடிக்கடி பார்க்கும் தவறு ஒன்று உண்டு. காலை மாத்திரையைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்துவிடுவார்கள். இரவு மாத்திரை போட்டுப் பன்னிரண்டு மணி நேரம் ஆன பிறகு, காலை மாத்திரைக்கு முன்பு எடுக்க வேண்டிய ரத்தம் அது. போட்டபின் எடுத்தால் எண் பொய்யாக ஏறும். அதை நம்பி அளவைக் குறைத்தால் உடம்பு கல்லீரலை எதிர்க்கத் தொடங்கிவிடலாம். மாத்திரையைப் பையில் போட்டு எடுத்து வாருங்கள், ரத்தம் கொடுத்துவிட்டு அங்கேயே தண்ணீர் வாங்கிப் போடுங்கள். இந்த ரத்தம் ஊதா மூடிக் குழாயில் சேர வேண்டும், சுகருக்கு எடுப்பது சாம்பல் மூடியில். நம் ஊரில் எடுத்தாலும் சோதனை பெரும்பாலும் பெரு நகரத்துக் கூடத்தில்தான் நடக்கிறது. ஒவ்வொரு கூடத்திலும் முறை வேறு, முறைக்கு முறை எண்ணும் மாறும். ஆகவே ஒரே கூடத்தில் தொடர்ந்து பாருங்கள்.

நோன்பைப் பற்றி காக்கா கடைசியில்தான் கேட்டார், தயங்கித் தயங்கி. நம் பக்கம் நோன்பு பதின்மூன்று பதினான்கு மணி நேரம் நீளும். சஹரிலும் இஃப்தாரிலும் மாத்திரை போட்டால் பன்னிரண்டு மணி நேர இடைவெளி குலையும், தண்ணீர் இல்லாமல் சிறுநீரகம் வாடும். ஸ்டீராய்டு போடுபவருக்குச் சுகர் உச்சத்துக்கு ஏறும் மாலைப் பொழுதில்தான் நோன்புக் கஞ்சியும் வாடாவும் சம்சாவும் பேரீச்சையும் இறங்கும். முதல் ஆண்டில் நோன்பு வேண்டாம் என்பதுதான் பெரும்பாலான மருத்துவர்களின் அறிவுரை. அதற்குப் பிறகு, கிரியாட்டினினும் டேக்ரோ லெவலும் நிலையாக இருந்தால், ஒரு நாளைக்கு ஒரு முறை போடும் டேக்ரோலிமஸுக்கு மாற்றிச் சிலருக்கு அனுமதிக்கிறார்கள். அதற்கு ரமலானுக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே போய்ப் பேசி ரத்தமும் பார்க்க வேண்டும். பிறை தெரிந்த அன்று தொலைபேசியில் கேட்கிற விஷயம் இல்லை. நோயாளிக்கு மார்க்கம் சலுகை கொடுத்திருப்பதை காக்கா என்னைவிட நன்றாக அறிந்தவர். மகன் தந்த உறுப்பைக் காப்பதும் கடமைதான் என்று மட்டும் சொன்னேன்.

கல்லீரல் மாற்றிக்கொண்டவர் உங்கள் வீட்டில் இருந்தால் அடுத்த முறை சென்னைக்கோ திருச்சிக்கோ போகும்போது ஒரு தாளில் நான்கு கேள்வியை எழுதிக்கொண்டு போங்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகான சுகரைக் கடைசியாக எப்போது பார்த்தோம்? எச்டிஎல் கழித்த கொழுப்பு எவ்வளவு? சிறுநீரில் ஆல்புமின் பார்த்தாகிவிட்டதா? இந்தக் கல்லீரலில் கொழுப்பு படிகிறதா என்று ஸ்கேன் எடுத்தோமா? எஸ்ஜிபிடி சரி என்ற பதிலோடு எழுந்து வந்துவிடாதீர்கள், நான்குக்கும் பதில் வாங்கிக்கொண்டு வாருங்கள்.